அண்ணனுக்குத் தெரியாமல் ரசத்தில் பொடி கலக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை தங்கை:
என் அண்ணன் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை கூலி வாங்கினால் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர், இப்போது விடிந்ததும் குடிக்கிறார். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின இரவே ஒரு குவார்ட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். அது உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறதாம். அண்ணி பிள்ளைகளோடு அயோத்தியாப்பட்டணத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி ஒன்று இருக்கிறது, ஒரு மண்டலத்தில் குடியை விட்டுவிடுவார் என்று தெருவில் ஒருவர் சொல்கிறார். அம்மா பணத்தை எடுத்து வைத்துவிட்டார். கொடுக்கலாமா?

குகைக்காரர்:
பொடி எதற்கு? எங்கள் சித்தப்பாவை மூன்று நாள் அறையில் பூட்டி வைத்தோம். கத்தித் தீர்த்தார், சரியாகிவிட்டார். வீட்டில் கண்டிப்பு இருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
உங்கள் சித்தப்பா பிழைத்துக்கொண்டார், மகிழ்ச்சி. அதை வைத்தியம் என்று இங்கே எழுதாதீர்கள். காலையில் கை நடுங்குகிறவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிப் பிதற்றல் தொடங்கலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், பெற்ற தாயை அடையாளம் தெரியாது. உயிரே போகிற கட்டம் அது. பூட்டிய அறையில் யார் பார்ப்பது?

தங்கையே, பொடி வேண்டவே வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். விவரம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் டாக்டர் அதை எழுதுவார். பொடியில் அதுவே இருந்து, தெரியாமல் கொடுத்துவிட்டு, அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் குடித்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் குளுகோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகம் கோபம் வரும். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்குத் தயாமின், அதாவது வைட்டமின் பி1, குறைந்திருக்கும். அதைப் போடாமல் குளுகோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். மனநலம் என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், குடிக்கு அங்கேதான் பார்ப்பார்கள். கிளம்பும் முன் பேச 14446, அது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனம் விட்டுப் பேச 14416.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் உடம்புதான் தேறும். வெளியே வந்து முதல் கூலி கையில் விழும் அன்றுதான் உண்மையான சோதனை. நான் மேஸ்திரியிடம் போய், என் கூலியை மனைவி கையில் கொடுங்கள் என்று நானே கேட்டேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கிச் சேலம் போக ஆரம்பித்தேன். கட்டணம் இல்லை, முழுப் பெயரும் கேட்பதில்லை. என்னைப்போல் இருந்தவர்கள் பேசுவதைக் கேட்டதுதான் எனக்கு மருந்து. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, அண்ணி அங்கே போகலாம்.

குகைக்காரர்:
1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் நம் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். இன்று நிலைமை இப்படி.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
ராஜாஜியை அப்புறம் பார்க்கலாம், அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

செவ்வாய்ப்பேட்டை தங்கை:
அண்ணன் தெளிவாக இருந்த நேரத்தில் கேட்டேன், வருகிறேன் என்றார். பட்டறைக்காரருக்குத் தெரிந்தால் வெள்ளியை நம்பிக் கொடுக்கமாட்டார் என்றுதான் பயப்படுகிறார்.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பட்டறையில் வயிற்றுக்கோளாறு என்று சொல்லிவிடுங்கள், பாதி உண்மைதானே. காலையில் சீக்கிரம் புறநோயாளர் சீட்டு போடுங்கள். டாக்டர் பார்க்கும்வரை நீங்களாகக் குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் குறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவருக்கு நினைவிருக்காது.