செஸ் லீக் மேட்ச்ல எங்க கணக்கு 2.5-1.5, டேபிள்ல 2-2 காட்டுது, எப்படி சரி பண்றது?

குதிரைப்படை கேப்டன்:
வணக்கம், ஆன்லைன் லீக்ல நாலு போர்டு டீம் மேட்ச் ஆடுனோம், முதல் போர்டு ஜெயிச்சாச்சு, ரெண்டாவது போச்சு, நாலாவது டிரா. மூணாவதுல எதிராளிக்கு டைம் முடிஞ்சிருச்சு, எங்க பையனுக்கு இன்னும் 9 செகண்ட் மிச்சம் இருந்துச்சு, ஆனாலும் சைட் டிரான்னு போட்டு அரை பாயிண்ட் தான் குடுத்திருக்கு, அதனால மேட்ச் ஜெயிச்சதுக்கு மேட்ச் பாயிண்ட் 2 வர வேண்டிய இடத்துல டிராவுக்கான 1 தான். ரிஃப்ரெஷ் பண்ணியும் மாறல. இது பக் தானே? பையன் ரொம்ப நொந்து போயிருக்கான், யாராவது வழி சொல்லுங்க.

எண்ட்கேம் பிரியன்:
கடைசில போர்டுல என்னென்ன காய் இருந்துச்சு?

குதிரைப்படை கேப்டன்:
எங்களுக்கு கருப்பு ராஜாவும் ஒரு குதிரையும். அவங்களுக்கு வெள்ளை ராஜா, எச்2 கட்டத்துல ஒரு சிப்பாய்.

பிளிட்ஸ் ரசிகன்:
அப்போ டிரா சரிதானே ப்ரோ, ஒத்தக் குதிரைய வச்சு எப்படி மேட் பண்றது?

எண்ட்கேம் பிரியன்:
வெறும் ராஜாவா இருந்தா முடியாது தான். ஆனா இங்க சிப்பாய் இருக்கே. வெள்ளை ராஜா எச்1, சிப்பாய் எச்2, கருப்பு ராஜா எஃப்1னு வச்சுக்கோங்க, குதிரை எஃப்2ல வந்து செக் வச்சா மேட், ஜி1 ஜி2 ரெண்டையும் கருப்பு ராஜா புடிச்சிருக்கு, எச்2ல சொந்த சிப்பாயே வழிய அடைச்சு நிக்குது. பிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதி 6.9 படி டைம் முடிஞ்சவருக்கு தோல்வி, ரெண்டு பேரும் எப்படி ஆடுனாலும் எதிராளியால மேட் பண்ணவே முடியாதுன்னா மட்டும் தான் டிரா. நிஜத்துல யாராவது அப்படிப் போய் மாட்டுவாங்களாங்கறது கணக்குலயே இல்ல. (அவங்ககிட்ட சிப்பாய்க்குப் பதிலா ராணி மட்டும் இருந்திருந்தா பிடே விதிலயும் டிரா தான்.) பக் எல்லாம் இல்லங்க, சில சைட்ல ஒத்தக் குதிரைன்னாலே மேட் பண்ண காய் போதாதுன்னு டிரா போட்டுரும், எதிர்ல என்ன இருக்குன்னு பாக்காது.

போர்டு நம்பர் ஒன்:
சைட்டுக்கு எழுதி பிரயோஜனம் இல்ல தம்பி, லீக் விதிய எடுத்துப் பாருங்க. பிடே விதி பொருந்தும்னு இருந்தா ஆர்பிட்டர் (நடுவர்) ரிசல்ட்ட மாத்தலாம், சைட் ரிசல்ட்டே இறுதின்னு இருந்தா 2-2 தான், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. கேம் லிங்க், ரெண்டு பேர் கடிகாரமும் தெரியுற ஸ்க்ரீன்ஷாட், மேல சொன்ன மேட் பொசிஷன் எல்லாம் சேர்த்து அனுப்புங்க. அப்பீலுக்கு கெடு எப்பன்னும் பாத்துக்கோங்க.

குதிரைப்படை கேப்டன்:
பாத்துட்டேன்ணா, பிடே விதின்னு தான் போட்டிருக்கு, நாளைக்கு ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு. அந்த டீம் கேப்டனும் பொசிஷனப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இப்பவே அனுப்புறேன்.

போர்டு நம்பர் ஒன்:
சுவிஸ் முறைன்னா (ஒரே அளவு பாயிண்ட் உள்ள டீம்கள ஜோடி போடுறது) அடுத்த ரவுண்ட் பேரிங் போடுறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லி எழுதுங்க, 1 பாயிண்ட்ல இருந்தா வேற டீம் கூட ஜோடி போட்டுருவாங்க.