பல்லு முளைக்கிற நேரம்: எது கேட்டுச்சு, எதுல ஏமாந்தோம்

காவேரிப்பட்டணம், ஏழு மாசப் பையனோட அம்மா:
மூணு ராத்திரியா தூக்கமில்ல. எச்சில் ஒழுகி ஒழுகி பையன் தாவாங்கட்டையெல்லாம் செவந்து கிடக்கு. கையில கிடைச்சதெல்லாம் வாய்க்குத்தான். நேத்து அவங்கப்பா வண்டிச் சாவியைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தான். கீழ் ஈறுல விரல் வெச்சா நொய்யரிசி மாதிரி ஒண்ணு நெருடுது.

எனக்குக் கைகொடுத்தது பழைய வேட்டித் துணிதான். கொதிக்க வெச்சு அலசி, காய்ச்சி ஆறின தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, மூடி போட்ட டப்பாவில ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல அரை மணி நேரம் வைப்பேன். அதை விரல்ல சுத்தி ஈறை மெதுவா அழுத்தினா கண்ணை மூடிக்கிட்டு கடிக்கிறான். முதல் நாள் தெரியாம ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். கட்டை மாதிரி இறுகி, வாயில பட்டதும் வீல்னு ஒரே கத்தல். ராகிக்கூழும் சூடா இருந்தா தட்டி விடுறான், நல்லா ஆற வெச்சா ரெண்டு கரண்டி இறங்குது.

அத்தை வசம்பு வளையல் கட்டச் சொல்றாங்க, நாத்தனார் ஈறுல தேன் தடவச் சொல்றாங்க. நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?

பாலக்கோடு, ரெண்டு பிள்ளைங்க:
தேன் ஒரு வயசு முடியிற வரைக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம்மா. அதுல பொட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம், அந்த வயசுக் குடல் அதைத் தாங்காது. வசம்பு வளையலைக் கட்டினா பிள்ளை அதைத்தான் சப்பும். என் பெரியவ சப்பிட்டு மூணு தடவை வாந்தி எடுத்தா, அன்னிக்கே அறுத்துப் போட்டுட்டோம்.

நான் சொல்ல வந்தது வேற. சின்னவனுக்கு எட்டு மாசத்துல வயித்தால போச்சு. எங்க ஆயா "பல் மாந்தம், பல்லு வெளிய வந்தா தானா நிக்கும்"னு சொன்னாங்க. நானும் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டேன். மூணாம் நாள் காலையில பார்த்தா ராத்திரி மாத்தின துணி காய்ஞ்சே கிடக்கு. ஒண்ணுக்கே போகல. கண்ணு உள்ள போயிடுச்சு, அழுதா கண்ணீர் வரல. தூக்கிட்டு ஓடினோம், டிரிப்ஸ் ஏத்தித்தான் கண்ணு திறந்தான்.

பல்லு முளைக்கிறதால வயித்தால போகாதுன்னு டாக்டர் அப்பதான் சொன்னார். தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி குறையிறதும், தரையில கிடக்கிறதை எல்லாம் வாயில வைக்கிறதும் அதே ஆறேழு மாசத்துலதான். பழி பல்லு மேல விழுது. உடம்பு லேசா கதகதன்னு இருக்கலாம், ஆனா 100.4 டிகிரியும் அதுக்கு மேலயும் போனா அது காய்ச்சல், வேற காரணம் இருக்கும். இப்ப ஓஆர்எஸ் பொட்டலம் எப்பவும் வீட்டுல இருக்கு. ஆறு மாசம் தாண்டின பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்னு 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை எழுதித் தந்தாங்க. வயித்தால நின்னுட்டாலும் நடுவுல விடக்கூடாதுன்னாங்க.

ஓசூர், வேலைக்குப் போற அம்மா:
நான் ஏமாந்தது ஜெல்லுல. மருந்துக்கடையில "எல்லாரும் வாங்குறாங்க"ன்னு ஒரு டியூப் கொடுத்தாங்க. ஈறுல தடவினேன், அஞ்சு நிமிஷத்துல எச்சிலோட ஒழுகிடுச்சு. மறுபடி தடவினேன். அப்புறம் பால் கொடுத்தா நாக்கு மரத்துப்போய் பிள்ளைக்கு விழுங்கத் தெரியல, புரை ஏறிடுச்சு. அதுக்கப்புறம்தான் டியூபைத் திருப்பிப் படிச்சேன்: லிக்னோகெய்ன், மரத்துப்போக வைக்கிற மருந்து. பல்லு முளைக்கிற வலிக்கு அது கூடாதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2014லயே எச்சரிச்சிருக்கு. அதே மாதிரி மரத்துப்போக வைக்கிற பென்சோகெய்ன் இருக்கிற ஜெல்லை ரெண்டு வயசுக்குக் கீழ தொடவே கூடாதுன்னு 2018ல சொல்லியிருக்கு. ரொம்ப அழுதா பாராசிட்டமால் சொட்டு மருந்து, அதுவும் எடையைச் சொல்லி டாக்டர்கிட்ட அளவு கேட்டுத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட அளவு நம்ம பிள்ளைக்கு ஆகாது.

கிருஷ்ணகிரி, தாய்மாமன்:
மேல் பல்லு முதல்ல முளைச்சா மாமனுக்கு ஆகாதுன்னு சொல்வாங்களே, என் தங்கச்சி பொண்ணுக்கு அப்படித்தான் வந்துச்சு. எங்கம்மா கோயில் கோயிலாப் போனாங்க. பொண்ணுக்கு இப்ப நாலு வயசு, நானும் கல்லு மாதிரி இருக்கேன்.

நம்ம ஊருல மாம்பழக் காலத்துல இதைவிட நல்ல கடி பொம்மை கிடையாது: மாங்கொட்டை. பெங்களூரா மாம்பழத்தோட கொட்டை நீளமா இருக்கும், பிள்ளை கைக்குப் பிடிக்க வசதி. பழத்தைக் கழுவி, காம்புப் பால் வடிய விட்டு, தோலைச் சுத்தமா சீவிடணும். அந்தப் பால் பட்டா வாயைச் சுத்திப் புண்ணாகும். சதையை முக்கால்வாசி வழிச்சு எடுத்துட்டு, மடியில நிமிர்த்தி உக்கார வெச்சுக் கொடுக்கணும். நாரோ சதையோ பிய்ஞ்சு வந்தா உடனே வாங்கிடணும். நுங்கை மட்டும் முழுசா கொடுக்காதீங்க. வழுக்கிட்டு நேரா தொண்டைக்குப் போகும். தோல் உரிச்சு மசிச்சு கொடுங்க.

தர்மபுரி, ஒரு அப்பா:
கேரட்டுக்கும் அதேதான். ஜில்லுன்னு பச்சையா நீளமா வெட்டிக் கொடுத்தேன், ரெண்டு பல்லு வெச்சுக்கிட்டே ஒரு துண்டைக் கடிச்சு உடைச்சுட்டான். குப்புறப் போட்டு முதுகுல தட்டித்தான் வெளிய வந்துச்சு. இப்பல்லாம் விரல்ல நசுங்கிற அளவுக்கு வேக வெச்சுத்தான்.

பென்னாகரம், 19 வருஷமா அங்கன்வாடியில:
எல்லாரும் என்ன கொடுக்கறோம்னு பேசறீங்க. எந்தத் தண்ணியில காய்ச்சறீங்க?

சிரிச்சா கையால வாயை மூடிக்கிற தலைமுறை நான். முன் பல்லு நாலுலயும் பழுப்புக் கோடு. பொண்ணு பார்க்க வந்தவங்க "வெத்தலை போடுவியா"ன்னு கேட்டாங்க, வெத்தலையை நான் தொட்டதே இல்ல. எல்லாம் கிணத்துத் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு. அதுக்காகத்தான் காவிரித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல அடிக்கல் நாட்டி 2013ல திறந்தாங்க. ஆனா குழாய்ல தண்ணி வராத நாள்ல போர் தண்ணியைக் காய்ச்சிக் கூழ் கிண்டற வீடுகளை இன்னும் பார்க்கறேன். "நல்லா கொதிக்க வெச்சுட்டேன் அக்கா"ம்பாங்க. கொதிச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும்.

இப்ப முளைக்கிறது பால் பல்லு. ஆறேழு வயசுல வரப்போற நிலைப்பல்லு ஈறுக்குள்ள இப்பவே உருவாகிட்டிருக்கு. கறை அங்கதான் ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கிற தண்ணி பிள்ளைக்கு ஆகாது. நாக்குல வெச்சா தெரியாது, சோதிச்சாத்தான் தெரியும். அதனால கூழுக்கும் பால் பவுடருக்கும் ஒகேனக்கல் தண்ணியைத் தனியா ஒரு குடத்துல பிடிச்சு வெச்சுக்கோங்க.

காவேரிப்பட்டணம் அம்மா:
அக்கா, நாங்க போர் தண்ணியிலதான் காய்ச்சிட்டிருந்தோம். படிச்சதும் அத்தைகிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசல, சாயங்காலம் பார்த்தா குழாயடியில ஒரு சில்வர் குடம் தனியா நிக்குது. வசம்பு பத்தியும் அப்புறம் பேச்சே இல்ல.

நேத்து கரண்டி "டிங்"குன்னு சத்தம் கேட்டுச்சு, கீழ் பல்லு ஒண்ணு வந்துடுச்சு. இன்னிக்கு பால் குடிக்கும்போது கடிச்சுட்டான், உயிரே போச்சு. இதுக்கு என்ன பண்றது?

பாலக்கோடு:
வெடுக்குன்னு இழுக்காதே, தோல் கிழியும். வாயோரத்துல சுண்டுவிரலை விட்டா பிடியை விட்டுடுவான். வயிறு நிறைஞ்சப்புறம்தான் பெரும்பாலும் கடிப்பாங்க, உறிஞ்சறது குறையும்போதே எடுத்துடு. பால் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த வேட்டித் துணியைக் கொஞ்ச நேரம் கடிக்க விடு.