அரூர்ப் பக்கம் மாலிப்டினைட் (மாலிப்டினம் உலோகத்தோட தாது) பார்த்தவர்கள் இருக்கீங்களா?

கல்லுளி:
கல்லூரிக் களப்பயணத்தில் வேலம்பட்டிப் பக்கம் பார்த்தேன். அரூர்–ஊத்தங்கரைப் பகுதியில் ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) மாலிப்டினம் தேடித் துளையிட்ட இடம் அது. வரி வரியான நைஸ் பாறைக்குள் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு ஓடுது. அந்த வெள்ளையில் நீலம் பாய்ஞ்ச ஈய நிறத்தில் பொடிப்பொடித் தகடுகள். கட்டி கட்டியாக் கிடைக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, பல துண்டுகளில் லென்ஸ் வெச்சாத்தான் கண்ணுக்கே படும். கடினத்தன்மை 1 முதல் 1.5 வரைதான், நகம் பட்டாலே கீறல் விழும். தகடு வளையும், ஆனா விட்டா பழையபடி நிமிராது. விரல்ல பிசுக்கோட கறுப்பு ஒட்டிக்கும்.

சிவகங்கையான்:
எங்க ஊர் கிராஃபைட்டும் இதே வேலையைத்தானே செய்யும்? எப்படிங்க பிரிச்சுச் சொன்னீங்க?

கல்லுளி:
நல்ல கேள்வி. அடர்த்தியில மாலிப்டினைட் 4.7, கிராஃபைட் 2.2. தனிக்கட்டியா இருந்தா கையில தூக்கினதுமே தெரிஞ்சிடும். வெங்கச்சாங்கல்லில் ஒட்டின தகட்டை எங்கே எடை பார்க்கிறது? மெருகிட்ட பீங்கான் கோப்பையில் தேய்ச்சோம். கிராஃபைட் கோடு கறுப்பாவே நிக்கும், இது பச்சை காட்டும். ஸ்வீடன் வேதியியலாளர் ஷீல 1778-லேயே அமிலத்தை வெச்சு இந்த வழக்கைத் தீர்த்துட்டார்: நைட்ரிக் அமிலத்தில் இது வெள்ளைத் தூளாகும், கிராஃபைட் அசையாது. அந்தத் தூளிலிருந்துதான் 1781-ல் இன்னொரு ஸ்வீடன்காரர் யெல்ம் மாலிப்டினம் உலோகத்தைப் பிரிச்சார்.

கிரீஸ்கை:
நான் பாறை பார்த்ததில்லை, ஒர்க்‌ஷாப்பில் தினமும் கையில பூசிக்கிறேன். கார் சிவி ஜாயின்ட்டுக்கு (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்துற இணைப்பு) வைக்கிற கறுப்பு கிரீஸ்ல இதுதான் இருக்கு. ரெண்டு கந்தக அடுக்குக்கு நடுவுல ஒரு மாலிப்டினம் அடுக்கு, அது ஒரு தகடு. தகட்டுக்கும் தகட்டுக்கும் பிடிப்பு ரொம்பக் குறைவு, அதான் வழுக்குது. கிராஃபைட் வழுக்கக் காத்துல ஈரம் வேணும், இதுக்கு வேண்டாம். விண்கலத்துல போடுறதும் அதனாலதான்.

சிவகங்கையான்:
அப்புறம் ஏன் அரூர்ல சுரங்கம் வரல?

கல்லுளி:
என் கணிப்பைச் சொல்றேன். சிலியில் செம்புத் தாது எடுக்கும்போது துணைப்பொருளா இது வருது. மாலிப்டினம் விலை சரிஞ்சாலும் செம்பு தாங்கிக்கும். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் எடுத்த கொஞ்சமும் யுரேனியத்தோட வந்ததுதான். அரூர்ல செலவைத் தாங்கிக்க அப்படித் துணைக்கு ஒரு உலோகம் இல்லை, நரம்பும் மெலிசு.