ஒரே வெண்பாவைச் செதுக்கிக்கொண்டிருப்பதா, அடுத்ததை எழுதுவதா?

கேள்வி: புதுமாணவி

அனைவருக்கும் வணக்கம். யாப்பிலக்கணத்தை நூல்களின் வழியே கற்று, சென்ற ஆண்டு முதல் நான்கடி கொண்ட நேரிசை வெண்பா எழுத முயன்று வருகிறேன். சீர்களை அசை பிரிக்கவும், சீரோடு சீர் சேரும் தளை பார்க்கவும் தெரியும். ஆயினும் ஒரு பாடலைத் தொடங்கினால் அதை முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. எதுகை அமைந்தால், இரண்டாம் அடியின் இறுதியில் வரும் தனிச்சொல் ஒட்டாமல் நிற்கிறது; தனிச்சொல்லைச் சரிசெய்தால் பொருள் நழுவிவிடுகிறது. குறையுள்ள பாடலைப் பிறர் பார்வைக்கு வைக்க மனம் ஒப்பாததால், எழுதியவை யாவும் குறிப்பேட்டிலேயே அரைகுறையாகக் கிடக்கின்றன. என்னோடு கற்கத் தொடங்கிய தோழி ஒருத்தியோ, சுமாரானவற்றையும் கூச்சமின்றி அன்றாடம் எழுதிக் குவிக்கிறாள். இப்போது அவள் பாடல்களில் ஓட்டம் இருக்கிறது, என்னுடையவற்றில் இல்லை. நிறைய எழுதினால் தரம் தானாக வந்துவிடுமா, அல்லது தவறான பழக்கங்கள்தாம் ஊறிப்போகுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, உங்கள் தோழியின் வழியே நல்ல வழி. வெண்பாவில் நாம் முட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரு சீரும் அடுத்த சீரும் சேருமிடத்தில்தான். ‘மழைபெய்த மாலை வீதியெலாம் ஆறு’ என்று ஓரடி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘மாலை’ தேமா, அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீர்; மாச்சீருக்குப் பின் நிரையசை (‘தெரு’ போலக் குறிலோடு இன்னோர் எழுத்து இணைந்த அசை) வரவேண்டியிருக்க, ‘வீதியெலாம்’ நேரசையில் (‘வீ’ என்னும் தனியெழுத்து அசையில்) தொடங்குவதால், ஆசிரியப்பாவுக்கு உரிய ஆசிரியத்தளை புகுந்து வெண்பா கெடுகிறது. ‘மழைபெய்த மாலை தெருவெல்லாம் ஆறு’ என்றால் தளை சரியாகிவிடும். தொடக்கத்தில் இதை அசை பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். எழுதி எழுதிப் பழகியபின், ‘மாலை’ என்று எழுதும்போதே ‘வீதி’ செவியில் உறுத்தி, ‘தெரு’ தானாக வந்து விழும். இந்தச் செவிப்பழக்கம் ஒரே பாடலை மாதக்கணக்கில் உருட்டுவதால் வருவதன்று. நேரிசை வெண்பாவில் 15 சீர்கள். அவற்றுக்கிடையே 14 இணைப்புகள். ஒரு பாடலோடு நின்றுவிட்டால் அந்தப் பதினான்கோடுதான் பழக்கம். அடுத்த பாடலை எழுதினாலே புதிய இணைப்புகள் எதிர்ப்படும்.

ஈற்றடியைப் பிறரிடம் கேட்டு வாங்கி எழுதிப் பாருங்கள். முடிவு நம்முடையதாக இல்லாதபோது, ‘நான் நினைத்தது முழுமையாக வரவில்லையே’ என்னும் ஏக்கத்துக்கு அங்கே இடமில்லை; கொடுத்த அடியோடு பொருத்தி முடிப்பதொன்றே வேலையாகிவிடும். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டும் கலை) செய்தார். அத்தகைய அவதானங்களில் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பதும் ஓர் அங்கம். அவையில் நின்றுகொண்டு யாரும் வாரக்கணக்கில் தனிச்சொல் தேட முடியாதல்லவா!

மறுமொழி: யாப்பு விரும்பி

ஆசிரியர் ஐயா கூறியதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. எழுதிக் குவிப்பவர்களிடம் நான் அடிக்கடி காண்பது, சீர் குறையும் இடங்களிலெல்லாம் ‘நன்றாய்’, ‘என்றும்’, ‘இங்கு’ என்று எதையாவது செருகி அடியை நிரப்பிவிடும் வழக்கம். தளை தட்டாததால் அது பிழையாகவே தெரியாது. நாளடைவில் அதுவே அவர்களுடைய நடையாகிவிடும். அவலோகிதம் என்னும் இணையக் கருவியில் பாடலை இட்டால் அசை, சீர், தளை அனைத்தையும் பிரித்துக் காட்டும். ‘இங்கு’ என்ற சொல் அங்கே வேலையின்றி நிற்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வதற்குத் தமிழறிந்த ஓர் ஆள் தேவை. ஆகவே நிறைய எழுதுங்கள். எழுதியவற்றை ஒளித்து மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவரின் அந்த வேகத்தைப் பார்த்து வியக்கும் நாம், அதற்கு முன்பு அவர் புலவர் பலரை நாடிச் சென்று பாடம் கேட்டதையும், பழைய நூல்களில் ஊறிக் கிடந்ததையும் வசதியாக மறந்துவிடுகிறோம். படிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தால் கையில் இருக்கும் சில சொற்களே திரும்பத் திரும்ப வரும்.

மறுமொழி: புதுமாணவி

இருவருக்கும் நன்றி. குறிப்பேட்டில் கிடக்கும் அரைகுறைப் பாடல்களை முதலில் முடித்துவிட்டுப் புதியவற்றுக்குச் செல்வதா, அவற்றை அப்படியே விட்டுவிடுவதா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

விட்டுவிடுங்கள் அம்மா, கிழித்தெறிய வேண்டியதில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், சிலவற்றை ஒரே அமர்வில் முடித்துவிடுவீர்கள். சிலவற்றை முடிக்கத்தான் வேண்டுமா என்றே தோன்றும். நண்பர் சொன்ன நிரப்புச்சொல் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாடலை முடித்தபின் ஒவ்வொரு சொல்லாக நீக்கிப் படித்துப் பாருங்கள். எதை நீக்கினாலும் பொருள் குறையவில்லையோ, அதை அடிக்கோடிட்டு, அடுத்த பாடலில் அச்சொல்லைத் தொடாமல் எழுதுங்கள். அதே பாடலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட வேண்டாம்.

இதோ ஓர் ஈற்றடி: ‘பேருந்தில் கிட்டும் இடம்’. நாளை மாலைக்குள் முதல் மூன்றடிகளை எழுதி இங்கேயே இடுங்கள். தனிச்சொல் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. நிரப்புச்சொற்களை யாப்பு விரும்பி பார்த்துக்கொள்வார்.