இழை: ‘லெகஹ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நாகர்கோவிலிலிருந்து (திங்கள்):

வணக்கம். வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். நீதிமொழிகள் வகுப்புக்கு எபிரேய–தமிழ்ச் சொற்பட்டியல் தயாரிக்கிறேன். ‘தோரா’வுக்கு உபதேசம், ‘மூஸார்’ என்பதற்குச் சிட்சை என்று போட்டாயிற்று. ‘லெகஹ்’தான் இடிக்கிறது. பழைய ஏற்பாட்டில் ஒன்பதே இடம். 1871 தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உபாகமம் 32:2 ‘என் உபதேசம் பொழியும்’, நீதிமொழிகள் 4:2 ‘நற்போதகம்’, 9:9 ‘அறிவு’, 16:21 ‘கல்வி’, யோபு 11:4 வெறும் ‘சொல்’. நீதிமொழிகள் 7:21-இல் ஒருத்தி வாலிபனை மயக்கப் பேசும் ‘இனிய சொற்கள்’. மூலத்தில் அதுவும் இதே லெகஹ்தான்! தமிழில் படிக்கிற மாணவருக்கு இவையெல்லாம் ஒரே சொல் என்று எப்படித் தெரியும்? வேர் ‘லாகஹ்’: எடுத்தல், வாங்கிக்கொள்ளுதல்.

திருவையாற்றிலிருந்து:

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? எபிரேயர் செய்ததையே நாமும் செய்து வைத்திருக்கிறோம். கொள் + கை = கொள்கை. வாங்கி மனத்தில் வைத்துக்கொண்டது எதுவோ அதுதானே கொள்கை! நன்னூலில் ஆசிரியன் பாடஞ்சொல்லும் முறையைப் பாருங்கள்: ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’. மாணவனே அங்கே ‘கொள்வோன்’தான். உபதேசம், போதகம் எல்லாம் கொடுப்பவன் பக்கத்துச் சொற்கள். வடசொற்கள் என்பதை வேறு சொல்ல வேண்டுமா?

சென்னையிலிருந்து:

ஐயா, மன்னிக்கவும். பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். கொள்கை என்றால் இன்று கட்சிக் கொள்கை, காப்பீட்டுக் கொள்கை, கல்விக் கொள்கை. உபாகமத்தில் மோசே பாடுவதை ‘மழையானது இளம்பயிரின்மேல் பொழிவதுபோல என் கொள்கை பொழியும்’ என்று அச்சடித்தால் மோசே தேர்தலில் நிற்கிறார் என்றுதான் வாசகர் நினைப்பார்.

திருவையாற்றிலிருந்து:

சிரித்தேன். சரி, கொள்கை வேண்டாம். ‘கோடல்’, அதாவது கொள்ளுதல், இருக்கிறதே! நன்னூலில் பாடங்கேட்கும் சூத்திரம் தொடங்குவதே ‘கோடல் மரபே கூறுங் காலை’ என்று. அதே சூத்திரத்தில்தான் ‘செவி வாயாக நெஞ்சு களனாக’ வருகிறது. காது வாய்போல அள்ளிக் குடிக்க, நெஞ்சு நிலம்போல ஏந்திக்கொள்ள வேண்டும். மழை, இளம்பயிர் என்று மோசே பாடுவதற்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? 4:2-க்கு ‘நற்கோடல்’ என்று போடுங்கள்.

சென்னையிலிருந்து:

கோடல் என்றால் வளைதல் என்றும் பொருள் உண்டே. வள்ளுவர் ‘கோடாமை சான்றோர்க்கு அணி’ என்கிறார். நற்கோடல் என்றால் நன்றாக வளைந்து கொடுப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். வெண்காந்தளுக்கும் அதுவே பெயர். 7:21-க்கு வேண்டுமானால் இரண்டு பொருளும் பொருந்தும்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

கொள் என்பதற்குப் பிறவினை ‘கொளுத்து’. ‘அறிவு கொளுத்துதல்’ என்றால் அறிவைக் கொள்ளச் செய்தல், விளங்க வைத்தல். அதைப் பெயராக்கினால் என்ன?

சென்னையிலிருந்து:

வகுப்பில் போய் ‘கொளுத்துங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று பார்ப்போம்.

பெர்லினிலிருந்து:

கொஞ்சம் வழிவிலகல். யூதர் புத்தாண்டுக்குச் செய்யும் தேன் கேக்கின் இத்திஷ் (ஐரோப்பிய யூதர் மொழி) பெயரும் ஏறக்குறைய இதேதான், ‘லெகஹ்’. ஜெர்மன் மொழியில் நக்குவதைக் குறிக்கும் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஆனால் ‘லெகஹ் தோவ்’, அதாவது நற்போதகம் தருகிறேன் என்ற 4:2 வசனத்தோடு அதைச் சேர்த்து மகிழ்வது அவர்கள் வழக்கம். இன்னொன்று, ‘மோரே’ என்றால் ஆசிரியன். யோவேல் 2:23-இல் அதே ‘மோரே’ முன்மாரி! அவர்களிடம் மழையும் பாடமும் எப்படியோ ஒட்டிக்கொண்டே வருகின்றன.

நாகர்கோவிலிலிருந்து (புதன் காலை):

தேன் கேக்கைப் பட்டியலில் சேர்க்க இடமில்லை. ஆனாலும் நன்றி.

எனக்கு ஒரு சந்தேகம். வேரை வைத்து இவ்வளவு தூரம் போகலாமா? எழுபதின்மர் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 4:2 ‘டோரோன் அகதோன்’, அதாவது நல்ல கொடை. எபிரேயத்தில் கொள்வதாகச் சொன்னதைக் கிரேக்கத்தில் கொடுப்பதாக மாற்றிவிட்டார்கள், வசனமோ கெட்டுவிடவில்லை. 7:21-இல் அவள் பேச்சை லெகஹ் என்பது அவன் அதைப் பாடமாகக் கேட்டான் என்பதற்காகவா? ஆளை இழுக்கிற பேச்சு, அவ்வளவே.

‘உபதேசம்’ வடசொல் என்கிறார்கள். என் தாத்தா உபதேசியார், சபையில் வேதம் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் யாரும் அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘உபதேசியாரே’ என்றுதான். சைக்கிள் கைப்பிடியில் பை தொங்க, அதில் வேதாகமமும் எங்களுக்குக் கடலை மிட்டாயும் இருக்கும். அந்தச் சொல்லை அந்நியம் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் அதைத் தோராவுக்குக் கொடுத்துவிட்டேனே!

சென்னையிலிருந்து:

‘பாடம்’ போடுங்கள் அம்மா. இன்றைய எபிரேயத்திலும் லெகஹ் என்றால் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் என்றுதானே பொருள்? ஏசாயா 29:24-இல் ‘முறுமுறுக்கிறவர்கள் பாடம் கற்றுக்கொள்வார்கள்’ என்று வைத்துப் பாருங்கள், நாம் பேசுகிற தமிழாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

யோபுவில் ‘என் பாடம் சுத்தம்’ என்று வருமே. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்வதுபோல இருக்கும். பரவாயில்லை, எனக்கும் பாடம் சம்மதம்.

பெர்லினிலிருந்து:

எனக்கும்.

நாகர்கோவிலிலிருந்து (புதன் இரவு):

நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன். ‘லெகஹ்: பாடம், ஒருவர் கேட்டு ஏற்றுக்கொள்வது. 7:21-இல் வசப்படுத்தும் பேச்சு.’ அடியில் சின்ன எழுத்தில் ‘ஒப்பிடுக: கோடல், நன்னூல்’ என்றும் சேர்த்திருக்கிறேன், ஐயாவுக்காக.

திருவையாற்றிலிருந்து:

சின்ன எழுத்துக்கு நன்றி. ‘பாடம்’ வடமொழிப் ‘பாட’விலிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்கிறேன், நான் ஒப்பவில்லை. அது கிடக்கட்டும். சிட்சைக்கு என்ன செய்வதாக உத்தேசம்? அங்கே கடிந்து திருத்துவதற்கு ‘இடித்தல்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’…