உதவி: பிள்ளை அறைக்கு நாத்தம் இல்லாத இயற்கை சாயம் எது? அவசரம் (சுங்கை சிப்புட், மலேசியா)

குமரன்_சிப்புட் | வெள்ளி, இரவு 10.40
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். பின் அறையைப் பிள்ளைக்குத் தயார் பண்ணணும். சாயம் உரிஞ்சி உரிஞ்சி விழுது. கெமிக்கல் இல்லாத இயற்கை சாயம் எது நல்லது? கடை தவுக்கே (முதலாளி), சாயமே வேணாம், வால்பேப்பர் ஒட்டிட்டா வேலை முடிஞ்சிரும்னு சொல்றாரு. ஞாயித்துக்கிழமை அடிக்கப் போறேன். சீக்கிரம் சொல்லுங்க.

லயத்துப்பொண்ணு | இரவு 10.52
தம்பி, கல்லு சுவரா, பலகையா? உரியறது கீழயா, மேலயா? வீடு எத்தனை வருஷம்? இது தெரியாம யாரு என்ன சொன்னாலும் பொருந்தாது.

ஈப்போ_மைந்தன் | இரவு 11.05
லேட்டெக்ஸ் பெயிண்ட் வாங்குங்க. ரப்பர் பால்ல செய்யறது, நம்ம பால்மரத்துப் பால்தான். அதைவிட இயற்கை என்ன வேணும்? என் அண்ணன் வீட்டுக்கு அடிச்சோம், மறுநாளே வாசம் இல்ல.

சாயக்காரர்_30வருஷம் | இரவு 11.31
இந்தக் கேள்வி இங்கே மாசம் ஒரு தடவை வருது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்றேன். கெமிக்கல் இல்லாத சாயம்னு ஒண்ணு கிடையாது தம்பி, தண்ணியும் கெமிக்கல்தான். நீங்க பார்க்க வேண்டியது வி.ஓ.சி., அதாவது காயும்போது ஆவியாகிக் காத்துல கலக்கிற பொருள், ஒரு லிட்டர்ல எத்தனை கிராம் இருக்குன்னு. உள்சுவருக்கு அடிக்கிற மங்கல் சாயத்துக்கு ஐரோப்பாவில் 2010 முதல் 30 கிராம்தான் உச்ச வரம்பு. டின்னுல எண் போட்டிருந்தா அதை வெச்சு ஒப்பிடுங்க. இங்க சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) சுற்றுச்சூழல் முத்திரை இருக்கான்னு பாருங்க. இலைப் படமும் பச்சை எழுத்தும் முத்திரை ஆகாது. இன்னொண்ணு, வெள்ளைச் சாயத்துக்குப் போட்ட அளவை நம்பி அடர்ந்த நிறம் கலக்கச் சொல்லாதீங்க. சில கடை நிறமிகள்ல வி.ஓ.சி. தனியா இருக்கும், அது டின்னுல தெரியாது. முதல்ல ஆல்கலி சீலர் (சுவர்ல இருக்கற காரம் சாயத்தைக் கெடுக்காம தடுக்கற அடிப்பூச்சு) ஒரு கோட்டு, அப்புறம் ரெண்டு கோட்டு. முடிஞ்சது.

பாட்டன்_சுவர் | சனி, காலை 6.15
சீலர், எண் எல்லாம் எதுக்கு? சுண்ணாம்பு அடிங்க. ஈப்போவைச் சுத்தி நிக்கிற மலையே சுண்ணாம்புக்கல்தான். தோட்டத்துல தீபாவளிக்கு முன்னால லயம் (தொழிலாளர் வரிசை வீடு) முழுக்க அதைத்தானே அடிச்சோம்? சுவர் மூச்சு விடும், பூஞ்சை அண்டாது, ஒரு நாத்தமும் இல்ல. தண்ணி மாதிரி கரைச்சி, சுவரை நனைச்சிட்டு, மூணு நாலு தடவை மெல்லிசா அடிக்கணும். கண்ணுல படாம பாத்துக்குங்க, பச்சைச் சுண்ணாம்பு பார்வையைக் கெடுத்துரும்.

சாயக்காரர்_30வருஷம் | காலை 7.02
ஐயா, அவர் சுவர்ல ஏற்கெனவே எமல்ஷன் (தண்ணியில கலந்த சாயம்) தான் இருக்கும். அது மேல சுண்ணாம்பு பிடிக்காது, தூளா கொட்டும். வெறும் பூச்சு வரைக்கும் சுரண்டி எடுத்தாத்தான் நீங்க சொல்றது நடக்கும். எழுதுறதுக்கு முன்னால யோசிக்கணும்.

பாட்டன்_சுவர் | காலை 7.10
சுரண்டட்டுமே! எப்படியும் அதுவா உரிஞ்சிகிட்டுத்தானே இருக்கு.

தாதி_அக்கா | காலை 7.48
யாரும் "சுரண்டு"ன்னு சாதாரணமா சொல்லாதீங்க. தம்பி, பழைய வீடா இருந்தா அடியில இருக்கற சாயத்துல ஈயம் இருக்கலாம். கதவு, ஜன்னல் கட்டைக்கு அடிச்ச பளபளக்கற எண்ணெய்ச் சாயம், அதுலயும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறம்னா ரொம்ப கவனம். அமெரிக்காவுல வீட்டுச் சாயத்துல ஈயத்தை 1978லயே தடை பண்ணிட்டாங்க. இவ்வளவு ஈயம்னா பரவாயில்லன்னு ஓர் அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாய் உடம்புக்குள்ள போனா வயித்துப் பிள்ளைக்கும் போகும். உப்புத்தாள் போட்டுக் காய்ஞ்ச சுவரைத் தேய்க்காதீங்க, மிஷினும் வேணாம். தண்ணி தெளிச்சி ஈரமா எடுங்க, தூளை ஈரத்துணியில துடைச்சிக் கட்டித் தூக்கிப் போடுங்க. அந்த வேலை நடக்கற நாள்ல உங்க மனைவி வேற வீட்டுல இருக்கட்டும். புதுச் சாயத்து நாத்தம் கொஞ்ச நாள்ல போயிரும், ஈயம் உடம்புல தங்கிரும்.

வெட்டுக்காரர்_மகள் | காலை 9.20
ஈப்போ_மைந்தன், தப்பா எடுத்துக்காதீங்க, லேட்டெக்ஸ் பெயிண்டுக்கும் ரப்பர் மரத்துக்கும் சம்பந்தமே இல்ல. பால் மாதிரி தண்ணியில மிதக்கற செயற்கைப் பிசின், அதனால அந்தப் பேரு. இப்ப வர்றதெல்லாம் பெரும்பாலும் அக்ரிலிக்.

ஈப்போ_மைந்தன் | காலை 9.41
டின்னுல லேட்டெக்ஸ்னு எழுதியிருக்கே? இத்தனை வருஷம் ரப்பர் போட்ட நாட்டுல அதுல ரப்பரே இல்லைன்னா நம்பவே முடியல. செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறுனதுல இருந்து நம்ம மரத்தோட மதிப்பு யாருக்கும் தெரியல.

வெட்டுக்காரர்_மகள் | காலை 10.05
எனக்குத் தெரியுங்க. எங்கம்மா 22 வருஷம் பால் வெட்டுனாங்க. மங்குல (பால் பிடிக்கற கிண்ணம்) எடுத்த பாலை அப்படியே விட்டா கட்டிப்போயிரும், அதுக்குத்தான் அமோனியா ஊத்துவாங்க. ரப்பர் ஷீட் போடணும்னா ஃபார்மிக் ஆசிட். ரெண்டும் அம்மா கண்ணையும் கையையும் எரிச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மரத்துல இருந்து வந்துச்சின்னா தீங்கே இல்லைன்னு யாரும் சொன்னா மனசு வலிக்குது, அதனாலதான் எழுதுறேன். ரப்பர் மரம் வேணும்னா தொட்டிலுக்கு வாங்குங்க. 25, 30 வருஷம் பால் வெட்டி முடிச்ச மரத்துலதான் அந்தச் சாமான் செய்யறாங்க. துகள் பலகை அலமாரி புதுசா வாங்கி அந்த அறையில அடைக்காதீங்க, பசையில இருந்து ஃபார்மால்டிஹைடுங்கற கண்ணு மூக்கை எரிக்கற வாயு மாசக்கணக்கா வந்துகிட்டே இருக்கும்.

லயத்துப்பொண்ணு | காலை 10.30
எல்லாரும் பேசுறீங்க, கேட்டவரைக் காணோம். குமரன் தம்பி, சுவர் எப்படி இருக்குன்னு சொல்லுங்கய்யா.

குமரன்_சிப்புட் | பகல் 1.15
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். கல்லு சுவரு. பழைய தோட்ட கிராணி (குமாஸ்தா) வீடு, அப்பா வாங்குனது. கீழ இருந்து ரெண்டடிதான் உரியுது, மேல நல்லா இருக்கு. உரிஞ்ச இடத்துல வெள்ளையா மாவு மாதிரி. வெளிப்பக்கம் அம்மா கறிவேப்பிலை, கற்பூரவள்ளி பாத்தி போட்டிருக்காங்க, சுவரை ஒட்டியே.

லயத்துப்பொண்ணு | பகல் 1.22
இதை நேத்தே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சே இல்ல. அந்த மாவு, உப்பு. மண்ணுல இருக்கற ஈரம் சுவர்ல ஏறி, தண்ணி ஆவியாகி, உப்பு மட்டும் பூத்து நிக்குது. அதுதான் சாயத்தைத் தள்ளுது. பாத்தி மண்ணு வீட்டுத் தரை மட்டத்துக்கு மேல இருந்தா அதுவே போதும். எங்க லயத்து வீட்டுல இதே கதைதான், நாலு தடவை சாயம் அடிச்சி காசு போச்சு. மண்ணை எடுங்க. லோங்காங் (சாக்கடை) அடைச்சிருக்கா, வெடிச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் பிளாஸ்டிக் தாள் ஒரு அடி சதுரம் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்தா ஈரம் சுவர்ல இருக்கு. வெளிப்பக்கம் வேர்த்தா அறையில காத்தோட்டம் இல்ல.

வால்பேப்பர் வேணவே வேணாம். தவுக்கே சொல்றது வினைல், பிளாஸ்டிக்தான். பின்னால ஈரம் அடைபட்டு, நம்ம ஊரு வெக்கைக்கு ஒரே மழைக்காலத்துல கறுப்பாகும். ஒட்டுற ஃபோம் செங்கல் ஷீட்டும் அதே மாதிரிதான். பூஞ்சை வெளியில தெரியாம பிள்ளை மூக்குக்கு மட்டும் போகும்.

சாயக்காரர்_30வருஷம் | பகல் 2.10
அதுக்குத்தான் சீலர் சொன்னேன். நல்ல சீலர் அடிச்சா ஈரம் உள்ளே வராது.

லயத்துப்பொண்ணு | பகல் 2.18
அண்ணே, உள்ள அடைச்சா ஈரம் எங்க போகும்? ரெண்டடியில இருக்கறது மூணடிக்கு ஏறும், இல்லாட்டி சீலரையே உரிச்சிகிட்டு வரும். எங்க வீட்டுல ஏறுனதை நான் கண்ணால பார்த்தேன்.

சாயக்காரர்_30வருஷம் | பகல் 2.40
சீலர் போடறதுக்கு முன்னால சுவர் காயணும். அதை நான் எழுதாமல் விட்டது தப்பு. ஆனா காய்ஞ்ச சுவருக்கு சீலர் கட்டாயம், அதில் மாற்றம் இல்லை.

பாட்டன்_சுவர் | பகல் 3.05
கீழ ரெண்டடி பூச்சு எப்படியும் வெறுமையாகப் போகுது. அங்க மட்டுமாவது சுண்ணாம்பு அடிங்க தம்பி. மீதி ஈரம் வெளியேற வழி இருக்கும்.

லயத்துப்பொண்ணு | பகல் 3.11
அது நல்ல யோசனை ஐயா. மேல் சுவருக்கு வெள்ளை எமல்ஷன் போதும்.

குமரன்_சிப்புட் | அடுத்த வியாழன், இரவு 9.30
பாத்தியை எடுத்தாச்சு, அம்மா செடியைத் தொட்டியில வெச்சிட்டாங்க. லோங்காங் சுவர் ஓரமா வெடிச்சிருந்துச்சி, சிமெண்ட் பூசினேன். பிளாஸ்டிக் தாள் உள்பக்கம் இன்னும் வேர்க்குது. சாயம் வாங்கல. பிள்ளைக்கு முன் அறையிலயே இடம் பண்ணிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

தாதி_அக்கா | இரவு 9.44
நல்லது தம்பி. முன் அறை ஜன்னல் கட்டைக்கு என்ன சாயம் அடிச்சிருக்கு? உரியுதா?