ஜியாவ்சி தண்ணீரில் வாய் திறந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

தோபாயோ வாசி:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பள்ளித் தோழி வீட்டில் ஜியாவ்சி (பூரணம் வைத்து மடிக்கிற சீனக் கொழுக்கட்டை) சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை. அதனால் கோழி நெஞ்சுக்கறியை அரைத்து, வோங் போக் (சீன முட்டைக்கோஸ்) நறுக்கிப் போட்டு, இஞ்சி, சோயா சாஸ், நல்லெண்ணெய் சேர்த்து, பேரங்காடியில் விற்கிற வட்ட மாவுத் தோலில் வைத்து மடித்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் பாதிக்குப் பாதி வாய் திறந்துவிட்டது. திறக்காதவற்றில் பூரணம் இறுகிப்போய் ரப்பர் மாதிரி இருக்கிறது. கடையில் வருகிற வாசனையும் இல்லை. தோலையும் நானே தேய்க்க வேண்டுமா? இல்லை, ஆவியில் வேகவைத்தால் சரியாகிவிடுமா?

சோம்பேறி சமையல்:

அக்கா, உறைந்த ஜியாவ்சி பாக்கெட்டாகவே கிடைக்கிறதே, கோழியிலும் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் முடிந்தது வேலை. பாத்திரமும் ஒன்றுதான் கழுவ வேண்டும்.

தாலியான் கப்பல்காரன்:

சோம்பேறி தம்பி சொல்வது வேலைநாளுக்குச் சரி. ஆனால் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நான் சீனாவின் வடகிழக்கில், தாலியானில் கப்பல் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறேன். நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜியாவ்சிதான். என்னையும் மாவு தேய்க்க உட்கார வைத்துவிடுவார். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் தண்ணீர். வேண்டாத இடத்தில் இருக்கிறது, வேண்டிய இடத்தில் இல்லை.

முதலில் தோல். கடைத் தோல் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே மாவு தூவியிருப்பார்கள், ஓரமும் காய்ந்திருக்கும். விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரம் முழுக்கத் தடவி, காற்று உள்ளே தங்காமல் அழுத்தினால்தான் ஒட்டும். வீட்டில் பிசைந்த மாவுக்கு அந்தத் தண்ணீரே தேவையில்லை. 300 கிராம் மைதா, 150 மில்லி பச்சைத்தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பூரி மாவைப் போலக் கெட்டியாக வரும். முதலில் சொரசொரப்பாகத்தான் இருக்கும். மூடி அரைமணி நேரம் விட்டு மறுபடி பிசைந்தால் வழவழப்பாகிவிடும். ஏறக்குறைய நாற்பது ஜியாவ்சிக்கு வரும்.

தேய்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அம்மாளிடம் இருப்பது ஒரு சாண் நீளக் குட்டிக் கட்டை. வலது உள்ளங்கையால் கட்டையை ஓரத்திலிருந்து நடு வரைக்கும் உருட்டுவார், நடுவைத் தாண்டமாட்டார். கட்டை பின்னால் போகும்போது இடது கை வட்டத்தைக் கொஞ்சம் திருப்பிவிடும். இப்படிச் சுற்றி வந்தால் ஓரம் மெல்லிசாகவும் நடு தடிப்பாகவும் அமையும். மடிக்கும்போது ஓரம் இரண்டு மடங்காகிறது அல்லவா, அங்கே தடிப்பாக இருந்தால் வேகாது. பூரணம் உட்காரும் நடுவில் மெல்லிசாக இருந்தால் கிழியும்.

அடுத்தது பூரணம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு இல்லை, அதனால்தான் இறுகுகிறது. தொடைக்கறி வாங்குங்கள். 300 கிராம் கறிக்கு முதலில் உப்பும் சோயா சாஸும் போட்டுக் கலக்கிவிட்டு, இஞ்சியும் வெங்காயத்தாளும் சிச்சுவான் மிளகும் ஊறிய தண்ணீரை 70 மில்லி அளவுக்கு மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் கலக்கி, கறி அதைக் குடித்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் பசை மாதிரி கரண்டியில் ஒட்டும். வெந்த ஜியாவ்சியைக் கடித்ததும் வருகிற சாறு இந்தத் தண்ணீர்தான்.

வோங் போக்கில் நேர்மாறு. பொடியாக நறுக்கி உப்புப் போட்டுக் கால்மணி நேரம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் அது விடுகிற தண்ணீர் ஓரத்தை நனைத்துவிடும். அப்புறம் எப்படி ஒட்டும்? கறியில் எண்ணெய் ஊற்றிக் கலக்கிய பிறகு, மடிக்கப் போகும்போதுதான் வோங் போக்கைச் சேர்க்க வேண்டும்.

வாசனை வராததற்குக் காரணம் நல்லெண்ணெய். நம்முடையது எள்ளை வறுக்காமல் ஆட்டியது. இங்கே ஊற்றுவது எள்ளை நன்றாக வறுத்து எடுக்கிற கருஞ்சிவப்பு எண்ணெய். அதில் ஒரு ஸ்பூன் போதும்.

வேகவைக்கும்போது பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர். போட்டதும் கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளிவிடுங்கள், அடியில் ஒட்டக்கூடாது. கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத்தண்ணீர். இப்படி மூன்று முறை. தளதளவென்று கொதிக்க விட்டால் உள்ளே வேகுமுன் தோல் பிய்ந்துவிடும்.

பன்றி வேண்டாம் என்றால் கோழியோடு நிறுத்த வேண்டியதில்லை. தாலியானில் பேர்போனது மீன் ஜியாவ்சிதான். அந்த மீன் நம்ம வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தம். உங்கள் சிங்கப்பூரில் தெங்கிரி என்று கேட்டால் கொடுப்பார்கள். அம்மாள் தோல் அடியில் இருக்கும்படி மீனை வைத்து, ஸ்பூனால் சதையை வழித்தே எடுப்பார், முள் அப்படியே நின்றுவிடும். கறியைவிட மீன் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஒரு முட்டை வெள்ளைக்கரு, பொடியாக நறுக்கிய குச்சாய் (பூண்டு வாசனையுள்ள சீனத் தாள்). என் ஓட்டு இதற்குத்தான்.

தோபாயோ வாசி:

ரொம்ப நன்றி அண்ணா. நான் வோங் போக்கைப் பிழியவே இல்லை! ஆவியில் வைப்பது, முன்கூட்டியே செய்து வைப்பது, இரண்டையும் சொல்லிவிடுங்களேன். டிசம்பர் விடுமுறையில் மகளின் தோழிகள் வருகிறார்கள்.

தாலியான் கப்பல்காரன்:

ஆவிக்கும் தோசைக்கல்லில் பொரிப்பதற்கும் மாவைச் சுடுதண்ணீரில் பிசையுங்கள், பச்சைத்தண்ணீர் மாவு ஆவியில் விறைத்துக்கொள்ளும். சுடுதண்ணீர் மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கிழியும், மாற்றிவிடாதீர்கள். மடித்ததும் தட்டில் இடைவெளி விட்டு உறையவைத்து, கல் மாதிரி ஆன பிறகு பையில் போடுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும்.

டிசம்பர் என்றால் டோங்ஜி என்கிற சீனக் குளிர்காலப் பண்டிகையும் வருகிறது, 21 அல்லது 22. சிங்கப்பூரில் அன்றைக்குத் தங்யுவான் (பசையரிசி மாவு உருண்டை), இங்கே வடக்கில் ஜியாவ்சி. அன்று சாப்பிடாவிட்டால் குளிரில் காது உதிர்ந்துவிடும் என்பார்கள். தாலியான் கடற்காற்றில் ஒரு நாள் நின்றால் நீங்களும் நம்புவீர்கள்.

பச்சை அடுக்களை:

தோழிகளில் இறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால் முட்டையும் குச்சாயும் வையுங்கள். முட்டையை உதிரியாக வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். குச்சாயில் முதலில் எண்ணெய் பிசறுங்கள், உப்பு மடிக்கிற நேரத்தில் மட்டும். ஊறவைத்த கண்ணாடி நூடுல்ஸைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொள்ள, நசுக்கிய பச்சைப் பூண்டில் கருப்பு வினிகர். சோயா சாஸ் சில சொட்டு போதும்.